கேமரா ஒட்டுவதற்கு முன் ஒரு நூலை இழுத்துப் பாருங்கள்

போன சனிக்கிழமை மத்தியானம் தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்தான். கூடப் பிறந்தவன் இல்லை. அலுவலகத்தில் எனக்குப் பின் வரிசையில் உட்காருகிறவன். ஒரு கையில் விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும்போது போடும் ஹெல்மெட், இன்னொரு கையில் ரிச்சி தெருப் பை. பைக்குள் புது கோப்ரோ கேமரா.

"எந்தப் பக்கம் ஒட்டணும்க்கா? வலதா, இடதா?"

பெட்டியின் மேல் உறையைக்கூட அவன் இன்னும் பிரிக்கவில்லை. ஒட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்று தோன்றியதே, அதற்காகவே அவன் மேல் எனக்கு மரியாதை வந்தது. பலர் ஒட்டி, குதித்து, வீடியோவையும் போட்டுவிட்டு அப்புறம்தான் கேட்கிறார்கள்.

இந்த வருடம் தாய்லாந்து போய் ஸ்கைடைவிங் பயிற்சியை முடித்துவிட்டு வந்திருக்கிறான். இதுவரை 34 முறை குதித்திருக்கிறான். "இப்போதைக்கு எந்தப் பக்கமும் வேண்டாம்" என்றேன். முகம் வாடிவிட்டது. அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்ததும் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இரண்டு மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் ஊரிலிருந்து குதிக்கப் போகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவருகிறார்கள், எல்லோரிடமும் கேமரா இருக்கிறது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். தரமணியில் மென்பொருள் சோதிக்கும் வேலை. எட்டு வருடத்தில் 312 முறை குதித்திருக்கிறேன், அதில் கேமராவோடு எண்பத்துச் சொச்சம். பெரிய எண்ணிக்கை இல்லை. வருடத்துக்கு ஐந்நூறு முறை குதிக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். ஆனால் லீவு எடுத்து, டிக்கெட் போட்டு, ஹரியானாவில் இருக்கும் நார்னவுலுக்கும் தாய்லாந்துக்கும் ஓடி ஓடிச் சேர்த்த எண்ணிக்கை இது. என்னைப் போலத்தான் நம் ஊரில் பெரும்பாலானவர்கள் குதிக்கிறார்கள் என்பதால் எழுதத் தகுதி இருப்பதாக நினைக்கிறேன்.

அமெரிக்க பாராசூட் சங்கம் 200 முறை குதித்த பிறகுதான் கேமரா என்று பரிந்துரைக்கிறது. கேமராவோடு எந்தப் பாராசூட்டில் குதிக்கப் போகிறோமோ, அதே பாராசூட்டில் சமீபத்தில் 50 முறையாவது குதித்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பரிந்துரைதான், சட்டம் இல்லை. ஆனால் நான் குதிக்கப் போன தளங்களில், அதாவது டிராப் ஸோன்களில், எல்லாம் அதைச் சட்டம் போலத்தான் நடத்தினார்கள்.

ஏன் 200? தம்பியும் அதைத்தான் கேட்டான். 13,000 அடியில் விமானத்தை விட்டால் பாராசூட் திறக்கும் உயரத்துக்கு வர ஒரு நிமிடம்கூட ஆகாது. மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம். 1000 அடி கடக்க ஆறு விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஒரு நிமிடத்துக்குள் உயரத்தைப் பார்க்க வேண்டும், உடம்பை நிலையாக வைக்க வேண்டும், கூடக் குதித்தவர்கள் எங்கே என்று தெரிய வேண்டும், விலகிப் போக வேண்டும், திறக்க வேண்டும். ஆரம்பத்தில் இதையெல்லாம் ஒவ்வொன்றாக யோசித்துத்தான் செய்கிறோம். டூ வீலர் கற்றுக்கொண்ட புதிதில் கியரும் கிளட்சும் தனித்தனியாக மனதில் ஓடுமே, அப்படி. யோசிக்காமலே கண் மணிக்கட்டில் உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் பக்கம் திரும்பும் நாள் வந்த பிறகுதான் மூளையில் இன்னொரு வேலைக்கு இடம் கிடைக்கும். கேமரா அந்த இன்னொரு வேலை.

சென்னைக்காரர்களுக்கு 200 கூடக் குறைவு என்பது என் கருத்து. வெளிநாட்டில் டிராப் ஸோன் பக்கத்திலேயே இருப்பவர் ஒரே சீசனில் 200 முடித்துவிடுவார். நாம் தீபாவளி லீவில் பதினைந்து, பொங்கல் லீவில் பத்து என்று குதிக்கிறோம். நடுவில் ஐந்து மாதம் கணினி முன்னால். ஒவ்வொரு தடவையும் முதல் மூன்று குதிப்பு துரு உதறவே போய்விடும். அதனால் இன்றைக்கும் எந்தப் பயணத்திலும் முதல் மூன்று குதிப்புக்கு நான் கேமராவைத் தொடுவதில்லை. ஹைதராபாத்தில் விண்ட் டனல் வந்திருக்கிறது; கீழிருந்து அடிக்கும் காற்றில் உடம்பை மிதக்க வைக்கும் கூண்டு அது. உடம்பை நிலையாக வைக்கும் பழக்கத்தை அங்கே போய்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். உயரம் பற்றிய உணர்வு அங்கே வராது.

சரி, நூலுக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் எல்லா மாடியிலும் காற்றாடி விடுவார்கள். அண்ணன் டீல் போடுவான், நான் நூற்கண்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன். அப்போது எல்லா மொட்டை மாடியிலும் டிவி ஆண்டெனா இருந்தது. அறுந்து வரும் நூல் எங்கேயும் சும்மா விழாது. காற்றில் படுத்தபடியே வரும், ஆண்டெனாவின் ஒரு குச்சியில் தொடும், சுற்றிக்கொள்ளும். பத்தடிக்கு பத்தடி வெறும் மாடி கிடக்கும். ஆனால் நூல் அந்த ஒரு குச்சியைத்தான் பிடிக்கும். எடுக்கப் போனால் இன்னும் இறுகும். மாஞ்சா நூல் என்ன செய்யும் என்பதும் எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2019 இல் கொருக்குப்பேட்டையில் அப்பாவோடு பைக்கில் போன மூன்று வயதுக் குழந்தையின் கழுத்தில் அந்த நூல் மாட்டியது. குழந்தை பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் காற்றாடியைத் தொட்டதில்லை.

ஹெல்மெட்டின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும் கேமராவை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அந்த ஆண்டெனாதான் ஞாபகம் வந்தது.

பாராசூட் எப்படித் திறக்கிறது என்று தெரிந்தால் இது புரியும். முதுகுப் பையின் அடியிலிருந்து பைலட் சூட் என்ற குட்டிப் பாராசூட்டை எடுத்துக் காற்றில் வீசுகிறோம். அதோடு இணைந்த நாடா பையின் ஊசியை உருவுகிறது; உள்ளே மடித்திருக்கும் பாராசூட் மேலே போகிறது; பாராசூட்டை நம்மோடு இணைக்கும் கயிறுகளான லைன்கள் ஒவ்வொரு மடிப்பாக அவிழ்ந்து நம் தலைக்குப் பின்னால் பாய்கின்றன. எல்லாம் இரண்டு மூன்று விநாடியில். ஒவ்வொரு லைனும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான், ஆனால் 200 கிலோவுக்கு மேல் தாங்கும். உடம்பு நேராக இருந்தால் அவை தலையைத் தொடாமலே போய்விடும். திறக்கிற நேரத்தில் தோள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் காதை உரசிக்கொண்டு போகும். புதிதாகக் குதிப்பவர்கள்தான் அதிகம் சாய்வார்கள். துருத்தலும் அவர்கள் தலையில் இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

அந்தக் காலத்தில், அமெரிக்காவில் ஸ்கைடைவிங்கைப் படம் எடுத்த கார்ல் போனிஷ் போன்றவர்கள் 16 மி.மீ. பிலிம் கேமராவைத் தலையில் கட்டிக்கொண்டு குதித்தார்கள். அப்புறம் ஹேண்டிகேம் வந்தது. தலை கனத்தது, கழுத்து வலித்தது, அதனாலேயே எல்லோருக்கும் அதன் மேல் ஒரு பயம் இருந்தது. கோப்ரோ வந்ததும் கனம் 150 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது, பயமும் கூடவே இறங்கிவிட்டது. கழுத்துக்கு நல்லதுதான். ஆனால் நூல் மாட்டுவதற்கு 150 கிராம் போதும். மாட்டுவது எடையால் அல்ல, இடுக்கால்.

என் ஹெல்மெட்டைத் தயார் செய்தபோது காசிமேட்டில் வலைக்காரர்களுக்கு நூல் விற்கும் கடைக்குப் போனேன். பாராசூட் லைன் துண்டு ஒன்றைக் காட்டி, இதே தடிமனில் நைலான் நூல் வேண்டும் என்றேன். கடை வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கினார். எதற்கு என்று சொன்னேன். கேமரா பிடிப்பானைச் சுற்றி விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்க மாட்டும்மா" என்றார். பிடிப்பானுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கு. நான் பத்து தடவை பார்த்திருந்தேன், கண்ணுக்குத் தெரியவில்லை. "கண்ண மூடிக்கினு தடவிப் பாரு" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்து மாடிக் கைப்பிடிச் சுவரில் ஹெல்மெட்டை வைத்து, நூலை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்து, பின்னாலிருந்து முன்னால், கீழிருந்து மேல், குறுக்காக என்று எல்லாத் திசையிலும் உரசினேன். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு புள்ளி. முதல் நாள் ஒன்பது புள்ளி. பிடிப்பானை இறுக்கும் திருகின் தலையிலேயே மூன்று. அந்த நீளத் திருகை எடுத்துவிட்டு, தலை வெளியே நீட்டாத பிடிப்பான் வாங்கினேன். இடுக்கை எபாக்ஸிப் பசை வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிவாக்கினேன். கேமராவின் மூலையிலிருந்து ஹெல்மெட் வரை துணி டேப். பக்கவாட்டிலிருந்து தாடைப் பகுதிக்கு மாற்றியதும் பாதிப் பிரச்சினை போய்விட்டது. முகத்தை முழுக்க மூடும் ஹெல்மெட் என்பதால் முடிந்தது. ஒரு மாதம் கழித்து புள்ளி விழவில்லை. அதன் பிறகும், ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தின இரவு நூலை எடுக்கிறேன். டேப் உரிந்திருக்கும், பசையில் விரிசல் விட்டிருக்கும்.

கேமரா கழன்று விழாமல் இருக்கச் சிலர் ஒரு கயிற்றில் கட்டுவார்கள். அந்தக் கயிறே மாட்டும். அதற்குப் பதில் கழலாதபடி பொருத்துங்கள். 13,000 அடியிலிருந்து விழும் கேமரா கீழே நிற்கிறவர் தலைக்கும் ஆபத்து.

எவ்வளவு தேய்த்தாலும் மாட்டவே மாட்டாது என்று சொல்ல முடியாது. அதனால் மாட்டினால் என்ன செய்வது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். லைன் ஹெல்மெட்டில் சிக்கிப் பாராசூட் சரியாகத் திறக்கவில்லை என்றால் மெயினை, அதாவது முதல் பாராசூட்டை, வெட்டிவிட்டு (கைப்பிடியை இழுத்து உடம்பிலிருந்து விடுவித்து) ரிசர்வுக்கு, அதாவது இரண்டாவது அவசரப் பாராசூட்டுக்குப் போக வேண்டும். ஆனால் லைன் தலையில் சிக்கியிருக்கும்போது மெயினை வெட்டினால் உடம்பின் பாரம் முழுவதும் கழுத்தில் தொங்கும். ஆகவே உயரம் இருக்கும்போதே முதலில் ஹெல்மெட்டைக் கழற்றி எறிய வேண்டும். அதற்கு ஹெல்மெட்டில் ஒரே இழுப்பில் தாடைப் பட்டை விட்டுப்போகும் கைப்பிடி வேண்டும். சாதாரண பக்கிள் உதவாது. க்ளவுஸ் போட்ட கையால், கண்ணால் பார்க்காமல், இரண்டில் எந்தக் கையாலும் இழுக்க வர வேண்டும்.

நான் வீட்டில் சாப்பாட்டு மேசை பக்கத்தில் நின்றே பழகினேன். ஹெல்மெட், சிவப்பு, வெள்ளி. ஹெல்மெட், சிவப்பு, வெள்ளி. சிவப்புக் கைப்பிடி வலப்பக்கம், மெயினை வெட்ட. வெள்ளி இடப்பக்கம், ரிசர்வுக்கு. அம்மா முதலில் பயந்தாள். இப்போது நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின இரவு அவளே "பண்ணிட்டியா?" என்று கேட்கிறாள்.

இவ்வளவும் நூல் பற்றி. ஆனால் எனக்கு நடந்தது நூலால் நடக்கவில்லை.

என்னுடைய 251 ஆவது குதிப்பு. கேமராவோடு இருபத்தெட்டாவது. நண்பர்கள் இருவர் காற்றில் கைகோப்பதைப் படம் எடுக்க வேண்டும். 5000 அடியில் அவர்கள் பிரிந்து விலகுவார்கள், நான் நடுவில் நின்று 4000 இல் திறப்பேன் என்பது திட்டம். அன்றைக்கு மாலை வெயில். இரண்டு பேர் முகத்திலும் மஞ்சள் வெளிச்சம். அவ்வளவு அழகான சட்டகம் எனக்கு அதற்கு முன் அமைந்ததில்லை. 5000 இல் காதுக்குள் இருக்கும் ஆல்டிமீட்டர் கத்தியது. கேட்டது. அவர்கள் திரும்பிப் போனார்கள். ஒருத்தியின் முதுகு வெளிச்சத்துக்குள் சின்னதாகிக்கொண்டே போனது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 4000 இல் மறுபடி கத்தியிருக்கிறது. அது எனக்குக் கேட்கவே இல்லை. 3000 இல் விடாமல் கத்தியபோதுதான் மணிக்கட்டைப் பார்த்தேன். உடனே வீசினேன். பாராசூட் முழுதாகத் திறந்தபோது 2200 அடி.

பாராசூட் நல்லபடி திறந்தது, இறங்கினேன், ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி வீடியோவை ஓட்டி எண்ணினேன். அவர்கள் பிரிந்ததிலிருந்து என் கை பின்னால் போனது வரை பன்னிரண்டு விநாடி. ஐந்தாறு விநாடியில் முடிந்திருக்க வேண்டியது. மெயினில் கோளாறு வந்திருந்தால் ஹெல்மெட், சிவப்பு, வெள்ளி என்று போக அங்கே எவ்வளவு நேரம் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று தூக்கம் வரவில்லை. மறுநாள் நானே போய் அங்கிருந்த மூத்த பயிற்சியாளரிடம் வீடியோவைக் காட்டினேன். அவர் திட்டவில்லை. அந்தப் பயணம் முழுக்கக் கேமரா வேண்டாம் என்று மட்டும் சொன்னார். சரி என்றேன்.

1988 ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு சம்பவம். 800 முறைக்கு மேல் குதித்த ஒருவர், ஒரு மாணவரையும் பயிற்சியாளரையும் படம் எடுக்கக் குதித்தார். அந்தக் காலத்தில் கேமரா ஹெல்மெட்டில் இருக்கும், ரெக்கார்டர் முதுகுப் பக்கம் பையில் இருக்கும். முதுகில் கனம் இருந்தது, பட்டைகள் இருந்தன. பாராசூட் இல்லை. விமானத்தில் இருந்த யாரும் கவனிக்கவில்லை. அவர் கடைசிவரை படம் எடுத்திருக்கிறார். அந்தச் செய்தியை முதலில் படித்தபோது இப்படிக்கூட மறக்க முடியுமா என்று நினைத்தேன். 251 க்குப் பிறகு அப்படி நினைப்பதில்லை. எண்ணூறு முறை குதித்த கை, கண், பழக்கம் எல்லாம் அன்றைக்குக் கேமராவைத் தயார் செய்யப் போயிருந்தது.

அதனால் இப்போது எனக்கு ஒரு வரிசை இருக்கிறது, அதை மாற்றுவதே இல்லை. தரையில் முதலில் பாராசூட் சோதனை, அது முடிந்த பிறகுதான் கேமராவைக் கையில் எடுப்பேன். விமானத்தில் கதவு திறப்பதற்கு வெகு முன்னாலேயே பதிவை ஓடவிட்டுவிடுவேன். பக்கத்தில் இருப்பவர் சிவப்பு விளக்கைப் பார்த்துத் தலையாட்டுவார். அதற்கப்புறம் எரிகிறதா அணைந்ததா என்று தொட்டுப் பார்ப்பதில்லை. கதவருகே நின்று பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் பலர் கேமராவைக் கதவுச் சட்டத்தில் இடித்துக்கொள்கிறார்கள். அணைந்துவிட்டால் அணைந்துவிட்டது, அன்றைக்குப் படம் இல்லை. மேலே குளிர் வேறு. ஆயிரம் அடிக்கு இரண்டு டிகிரி குறையும், கீழே 32 டிகிரி என்றால் 13,000 அடியில் ஆறு டிகிரி. பழைய பேட்டரி அங்கே படுத்துவிடும். திறக்கும் நேரத்தில் கழுத்தை நேராக வைத்து, எதிரே அடிவானத்தைப் பார்ப்பேன். பாராசூட் விரிவதைப் படம் எடுக்க ஆசைப்பட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு திறந்தால் அந்த உலுக்கலில் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டான். "அப்போ என் வீடியோ எனக்கு வேணும்னா?" என்றான். நியாயமான கேள்வி. முதல் நூறு குதிப்பின் நினைவு யாருக்குத்தான் வேண்டாம்? பயிற்சியாளரை உன்னோடு குதிக்கச் சொல்லி அவரை எடுக்கச் சொல் என்றேன். உன் முகம் அதில்தான் தெரியும். உன் தலையில் இருக்கும் கேமராவில் உன்னைத் தவிர மற்ற எல்லோரும்தான் வருவார்கள். கால் எப்படி இருந்தது, தோள் சாய்ந்ததா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளவும் அந்த வீடியோதான் உதவும்.

கிளம்பும்போது, "நூலை ஒரு தடவை என் ஹெல்மெட்டிலும் போட்டுப் பார்க்கவாக்கா? சும்மாதான்" என்றான். கேமரா இல்லாத வெறும் ஹெல்மெட். கைப்பிடிச் சுவரில் வைத்துப் பின்னாலிருந்து இழுத்தான். வழுக்கிக்கொண்டு போனது. கீழிருந்து இழுத்தான். நின்றது. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் ஹெல்மெட் சுவரை விட்டு எழும்பி அவன் கைக்கு வந்துவிட்டது. தாடைப் பட்டையின் மீதி முனை ஒரு விரல்கடை நீளத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பக்கிளுக்கும் அதற்கும் நடுவே நூல் போய் உட்கார்ந்திருந்தது. அவன் 34 முறையும் அதோடுதான் குதித்திருக்கிறான்.

அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து ஊசியும் கெட்டி நூலும் எடுத்துவந்தேன். முனையை உள்பக்கம் மடித்து அவனே தைத்தான். தைத்து முடித்து மறுபடி இழுத்தபோது வெளிச்சம் போய்விட்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.